கலை மனிதர்களை இணைக்குமா? – கம்போடியாவில் கண்டதும் கற்றதும்

தமிழ்ப்பள்ளியில் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர் எவரிடமும் சில ஆயத்த வாக்கியங்கள் இருக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்படும்வரை அந்த வாக்கியங்களே எங்களுக்கு முதலீடு. "கலை மனித மனங்களை இணைக்கும் பாலமாகும்" என்பது என்னிடம் இருந்தவற்றுள் ஒன்று. ஒற்றுமை, பண்பாடு, தேசிய தினம், சுற்றுலா என எந்தத் தலைப்பு வந்தாலும் அதனை எங்காவது பொருத்திவிடலாம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். மாணவர்களும் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் உடன் பணியாற்றும் இரண்டு ஆசிரியைகளோடு கம்போடியா சென்றேன். அங்கோர் வாட் கோயிலைக் காண்பதே எங்கள் நோக்கம். புனோம் பென் நகரில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அந்த இரண்டு நாளில்தான் மேற்சொன்ன வாக்கியம் என் கையைவிட்டு நழுவியது.

துவோல் சுலெங் அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றபோதே அது பள்ளிக்கூடம் என்பது புரிந்துவிட்டது. வழிகாட்டி யாரும் சொல்லித் தரவேண்டிய தேவை இல்லை. நடுவில் திடல், சுற்றிலும் மூன்று மாடிக் கட்டடங்கள், நீண்ட நடைகூடம், வரிசையாக வகுப்பறைக் கதவுகள். எங்கள் பள்ளியைப் போலவே இருந்தது. உள்ளே சென்றால் வகுப்பறைகளுக்குள் செங்கல் அடுக்கி, சிறு சிறு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஒரு சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. மாணவர்கள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டம் திடலில் நின்றது. அதில்தான் கைதிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படைகள் புனோம் பென் நகரைக் கைப்பற்றின. நகர மக்கள் அனைவரும் கிராமப்புறங்களுக்கு விரட்டப்பட்டனர். பணம், பள்ளி, சந்தை, சமயம் எல்லாம் ஒழிக்கப்பட்டன. 1979 சனவரி 7 அன்று வியட்நாமியப் படைகள் நுழையும்வரை நீடித்த அந்த ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் பேர் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். துவோல் சுவாய் பிரே என்ற உயர்நிலைப்பள்ளி எஸ்-21 என்னும் இரகசியச் சிறையாயிற்று. குறைந்தது 12,000 பேர் அங்கு அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாக நீதிமன்றம் பின்னாளில் முடிவு செய்தது. உயிரோடு மீண்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தாம்.

என்னை உறங்கவிடாமல் செய்த செய்தி வேறொன்று. அந்தச் சிறையின் தலைவன் டுச் என்று அழைக்கப்பட்ட காயிங் குவெக் இயாவ், ஒரு கணித ஆசிரியன்! ஆட்சியின் தலைவன் போல் போட், சலோத் சார் என்ற இயற்பெயரோடு புனோம் பென் தனியார் பள்ளியொன்றில் பிரெஞ்சும் வரலாறும் கற்பித்தவன். தலைமைக் குழுவில் இருந்த மேலும் சிலரும் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர்களே. கைதிகளை வதைத்து எழுதி வாங்கிய வாக்குமூலங்களின் ஓரத்தில் டுச் சிவப்பு மையில் திருத்தங்கள் எழுதுவானாம். இன்ன இடம் தெளிவில்லை, மீண்டும் கேள் என்பது போல. இதைப் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு சில வாரங்கள் மாணவர் ஏடுகளைப் பென்சிலால்தான் திருத்தினேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டபோது பேனா தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த அருங்காட்சியகத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. புகைப்படங்களைப் பார்த்துக் கலங்கிய என் தோழியர் ஓவியங்களின் முன் வந்ததும் அசையாமல் நின்றுவிட்டார்கள். கண்கள் கட்டப்பட்டு, கழுத்தில் கயிறு கோத்து, மந்தைபோல் இழுத்துவரப்படும் கைதிகள். தரையில் வரிசையாகக் கால்விலங்கிட்டுக் கிடக்கும் எலும்பு மனிதர்கள். தாயின் கையிலிருந்து குழந்தையைப் பறிக்கும் காவலர்கள். இவற்றை வரைந்தவர் வான் நாத்.

வான் நாத் 1946-இல் பட்டம்பாங் பகுதியில் பிறந்தவர். விளம்பரப் பலகைகளும் திரைப்படப் பதாகைகளும் எழுதிப் பிழைத்த ஓவியர். 1978-இன் தொடக்கத்தில் எஸ்-21 சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். என்ன குற்றம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பசியால் செத்துக்கொண்டிருந்தவரை ஒருநாள் அழைத்துப்போய் ஒரு புகைப்படத்தைக் காட்டி, இந்த முகத்தைப் பெரிதாக வரைய முடியுமா என்று கேட்டார்கள். அது போல் போட்டின் முகம். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயருக்கு அருகே, பயன்படுத்திக்கொள்வதற்காக வைத்திருக்குமாறு ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அந்தக் குறிப்பால்தான் அவர் பிழைத்தார். உயிர் தப்பிய மற்றவர்களுள் போ மெங் என்ற ஓவியரும் ஒரு சிற்பியும் உண்டு. கலையை அழித்த ஆட்சிக்குத் தன் தலைவனின் உருவத்தை வடிக்க மட்டும் கலைஞர் தேவைப்பட்டார்கள்.

1979-க்குப் பிறகு சிறை அருங்காட்சியகமானபோது வான் நாத் அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தார். தாம் கண்டவற்றையும், அடுத்த அறையிலிருந்து கேட்டவற்றையும், உடனிருந்தவர்கள் சொன்னவற்றையும் வரைந்தார். புகைப்படம் எடுத்தது சிறை நிர்வாகம். அது கைதியின் முகத்தை எடுத்தது. வதையை எடுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஓர் ஓவியரின் நினைவு.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்கக்கூடாது. அந்த அருங்காட்சியகத்தை அமைத்தது வியட்நாமின் ஆதரவில் வந்த புதிய அரசு. பழைய ஆட்சியின் கொடுமையைக் காட்டித் தன் வருகையை நியாயப்படுத்த வேண்டிய தேவை அதற்கு இருந்தது. மண்டையோடுகளால் செய்த கம்போடிய வரைபடம் ஒன்று 2002 வரை அங்குச் சுவரில் தொங்கியது. இறந்தவர்களைத் தகனம் செய்யாமல் இப்படிக் காட்சிப்பொருளாக்கலாமா என்று பலர் வருந்தினர். ஆகவே ஓவியமோ காட்சியோ தானாகவே புனிதமாகிவிடுவதில்லை. யார் வரைந்தார், எதற்காக, யாருக்குக் காட்டினார் என்று கேட்டே ஆகவேண்டும்.

வான் நாத் யாருக்குக் காட்டினார் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது. 1996-இல் ஹிம் ஹூய் என்ற முன்னாள் சிறைக்காவலரை அவர் அதே இடத்தில் நேருக்கு நேர் சந்தித்தார். திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கவும் இல்லை. தம் ஓவியங்களை அவருக்குக் காட்டி, இவற்றில் நான் மிகைப்படுத்தியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை, இதைவிடக் கொடியவையும் நடந்தன என்ற பொருளில் காவலர் விடை சொன்னார்.

இச்சந்திப்பைப்போன்ற சந்திப்புகளை ரிதி பான் என்ற இயக்குநர் 2003-இல் வெளியான எஸ்-21 பற்றிய ஆவணப்படத்தில் விரிவாகப் பதிவு செய்தார். ரிதி பானும் பிள்ளைப் பருவத்தில் அந்த ஆட்சியில் தம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். படத்தில் முன்னாள் காவலர்கள் வெறும் அறைகளுக்குள் நின்று, தாங்கள் அன்று செய்ததை மீண்டும் செய்து காட்டுகிறார்கள். இல்லாத கைதியை அதட்டுகிறார்கள். இல்லாத பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். நாக்கு மறுத்ததை உடல் ஒப்புக்கொள்கிறது. நாங்களும் பாதிக்கப்பட்டவர்களே, கட்டளையை மீறியிருந்தால் எங்களையும் கொன்றிருப்பார்கள் என்று அவர்கள் சொல்லும்போது வான் நாத் எதிர்க்கேள்வி கேட்கிறார். காவலர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்றால், இங்கே செத்த கைதிகளை என்னவென்று அழைப்பது என்பது அக்கேள்வியின் சாரம்.

இதை நல்லிணக்கம் என்று அழைக்கலாமா? கட்டித்தழுவல் இல்லை, மன்னிப்பு இல்லை, கண்ணீர்கூட அதிகம் இல்லை. ஆயினும் ஒரு பொய் அங்கே செத்தது. எதுவும் நடக்கவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், ஓர் ஓவியத்தின் முன்னால் கொடுமைக்கு ஆளானவரும் கொடுமை செய்தவரும் நின்று, ஆம் இப்படித்தான் நடந்தது என்று ஒரே செய்தியில் உடன்பட்டார்கள். வழக்குமன்றம் வந்தது அதற்குப் பிறகுதான். டுச் மீதான விசாரணை 2009-இல் நடந்தபோது வான் நாத் சாட்சி சொன்னார். 2012-இல் டுச்சுக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. அத்தீர்ப்பைக் கேட்க வான் நாத் இல்லை. 2011 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

நிற்க. ஆசிரியர்களைப் பற்றி இவ்வளவு கசப்பாக எழுதிவிட்டு இன்னோர் ஆசிரியையைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நீதியாகாது.

கம்போடிய அரண்மனை நடனத்தை நம் வாசகர்கள் படங்களிலேனும் பார்த்திருப்பீர்கள். தலையில் உயர்ந்த மகுடம், பின்னோக்கி வளைந்த விரல்கள், மிதப்பது போன்ற நடை. அதன் கதைகளுள் முதன்மையானது ரியாம்கெர். இராமகீர்த்தி என்பதன் கெமர் வடிவம் அது, நம் இராமாயணந்தான். கைமுத்திரைகள் செடி, இலை, பூ, காய் என ஒரு தாவரத்தின் வாழ்க்கையைச் சொல்லும். இவை எவையும் ஏட்டில் எழுதிவைக்கப்படவில்லை. குருவின் உடலிலிருந்து மாணவியின் உடலுக்கு நேராகச் செல்பவை. அந்த உடல் இறந்தால் கலையும் இறக்கும். கெமர் ரூஜ் ஆட்சி முடிந்தபோது நாட்டின் கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் மாண்டுவிட்டதாக அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எண்ணிக்கை துல்லியமானதோ இல்லையோ, ஒரு நடனத்தின் எல்லாப் பாத்திரங்களையும் அறிந்தவர்களைக் கண்டெடுப்பதே அரிதாயிற்று.

எஞ்சியவர்களுள் ஒருவர் செயா சாமி. சிறுமியாக அரண்மனைக்குள் சென்று நடனம் கற்று, முதன்மை ஆட்டக்காரியாக உயர்ந்தவர். 1980-களின் தொடக்கத்தில் நுண்கலைப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டபோது, தம் நினைவில் இருந்தவற்றைப் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஓர் அசைவு ஒருவருக்கு நினைவிருக்கும், அடுத்த அசைவு இன்னொருவருக்கு நினைவிருக்கும். இப்படிச் சேர்த்துச் சேர்த்து நடனங்கள் மீட்கப்பட்டன. 2003-இல் யுனெஸ்கோ அந்நடனத்தை மனித குலத்தின் அருங்கலையாக அறிவித்தது. செயா சாமி 1994-இலேயே மறைந்துவிட்டார்.

இவரைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. செயா சாமியின் கணவர் லோத் சுவோங். அவருடைய உடன்பிறந்த தம்பிதான் சலோத் சார், அதாவது போல் போட்!

கிராமத்திலிருந்து நகருக்குப் படிக்க வந்த சிறுவன் சார், அண்ணன் வீட்டில் வளர்ந்தவன். அண்ணியின் சமையலை உண்டவன். பின்னாளில் அவன் தலைமை தாங்கிய ஆட்சி அந்த அண்ணனையும் அண்ணியையும் எல்லாரையும் போலவே நகரைவிட்டு விரட்டி வயலில் வேலை வாங்கியது. ஆட்சித் தலைவன் யார் என்பது அப்போது மக்களுக்குத் தெரியாது; "அங்கார்", அதாவது அமைப்பு, என்று மட்டுமே சொல்வார்கள். 1978-இல் பொது உணவுக்கூடத்தில் தலைவரின் படத்தை மாட்டியபோதுதான் அந்தத் தம்பதியர் அது தங்கள் தம்பியின் முகம் என்று அறிந்தார்கள். அது என்ன மாதிரியான கணம்! வாய் திறந்து ஒரு சொல் சொன்னாலும் உயிர் போகும் இடத்தில், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்து, அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்ட கணம்.

ஆட்சி வீழ்ந்த பிறகு அந்த அண்ணி, கொழுந்தன் அழித்த கலையைக் கொழுந்தனால் அநாதையான பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர் யார் என்பது அக்காலத்திலேயே பலருக்குத் தெரியும். எனினும் யாரும் அவரை விலக்கிவைக்கவில்லை. மாணவிகள் அவர் காலடியில் அமர்ந்து வணங்கிப் பாடம் கேட்டார்கள். நல்லிணக்க மாநாடுகளில் இது பேசப்படுகிறதா என்பதை நான் அறியேன். ஆனால் என்னைக் கேட்டால், கம்போடியாவில் நடந்த மிகப் பெரிய நல்லிணக்கம் இந்த நடன வகுப்பில்தான் நடந்தது.

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். கெமர் ரூஜ் ஆட்சியில் இசையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. புரட்சிப் பாடல்கள் ஒலிபெருக்கிகளில் முழங்கின. செயுங் எக் கொலைக்களத்தில் மரத்தில் ஒலிபெருக்கி கட்டி, சாகிறவர்களின் அலறல் வெளியே கேட்காதபடி பாட்டுப் போட்டார்கள். ஆர்ன் சோர்ன்-பொண்ட் என்பவரின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. இசை நாடகக் குடும்பத்தில் பிறந்த இவர், முகாமாக மாற்றப்பட்ட ஒரு புத்த விகாரையில் சிறுவனாக அடைக்கப்பட்டவர். புல்லாங்குழலும் கிம் என்ற நரம்பிசைக் கருவியும் விரைவாகக் கற்றுக்கொண்டதால் உயிர் பிழைத்தார். கொலைகாரர்களுக்காக வாசித்தார். பிறகு அமெரிக்காவில் வளர்ந்தார். 1990-களில் திரும்பி வந்து, தமக்குக் குழல் கற்பித்த யோவுன் மெக்கைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த இசை ஆசான் தெருவோரத்தில் முடிவெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அச்சந்திப்பிலிருந்து எழுந்ததே, எஞ்சிய கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யும் திட்டம். 1998-இல் தொடங்கிய அது இன்று கம்போடிய வாழும் கலைகள் என்ற அமைப்பாக வளர்ந்துள்ளது. முதியவர்களுக்கு மாதச் சம்பளம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாராட்டுப் பத்திரமும் பொன்னாடையும் வயிற்றை நிரப்பா.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிகளில் என்ன நடந்தது? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 1990-களிலிருந்து நெடுங்காலம் கம்போடியப் பாடநூல்களில் இந்த வரலாறு ஏறக்குறைய இல்லை. வெவ்வேறு அணிகள் சேர்ந்து ஆட்சி அமைத்த நாட்டில் அது யாருக்கும் வசதியான பாடமாக இல்லை. பெற்றோர் சொன்னதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். சோறு கிடைக்காமல் மனிதர் இலை தழைகளைத் தின்றிருப்பார்களா என்று சிரித்தார்கள். 2007-இல் தான் கம்போடிய ஆவண மையம், கம்போலி டி எழுதிய வரலாற்று நூலை வெளியிட்டது. 2009 முதல் அது உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றது. அதே 2009-இல் அன்னமரி பிரின்ஸ் என்ற டச்சு இயக்குநர், அம்ரிதா கலைக்குழுவோடு சேர்ந்து, மக்களிடம் எடுத்த நேர்காணல்களைக் கொண்டு மௌனத்தைக் கலைப்பது பற்றிய ஒரு நாடகத்தை உருவாக்கினார். அது கிராமங்களுக்குச் சென்றது. கம்போடியக் கிராமம் என்றால், உங்கள் அண்ணனைப் பிடித்துக் கொடுத்தவர் மூன்றாம் வீட்டில் இருப்பார். அவரும் பாய் விரித்து அதே நாடகத்தைப் பார்ப்பார். நாடகம் முடிந்ததும் பேச்சு தொடங்கும். பாடநூல் தயங்கிய இடத்துக்கு நாடகம் சென்றது.

பின்னர் நீதிமன்றமே கலையின் துணையை நாடியது. இது நம் தமிழர்களுக்குச் சட்டென்று விளங்கும் செய்தி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கெமர் ரூஜ் ஆட்சியில் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் கட்டாயத் திருமணம் நடத்தினார்கள். முன்பின் அறியாத இருவரை நிறுத்தி, கைகோத்து, அங்காருக்கு உறுதிமொழி சொல்லச் செய்வார்கள். ஒரே நேரத்தில் பத்து, இருபது, ஐம்பது இணைகள். கறுப்புச் சட்டைதான் மணவுடை. பெற்றோர் இல்லை, உறவினர் இல்லை. கம்போடியத் திருமணத்தில் கமுகம்பூ இன்றியமையாதது. நாம் வெற்றிலை பாக்கில்லாமல் ஒரு நிச்சயதார்த்தம் நடத்துவோமா? அதுபோல அவர்கள் கமுகம்பூவைக் கொண்டு பெற்றோருக்கும் மூத்தோருக்கும் நன்றி செலுத்துவார்கள். கட்டாயத் திருமணங்களில் அந்தப் பூவும் இல்லை. அன்றிரவே சேர்ந்து வாழவேண்டும், மறுத்தால் தண்டனை. குடிலுக்கு வெளியே உளவாளிகள் ஒட்டுக்கேட்டார்கள். ஆட்சி முடிந்ததும் பல இணைகள் பிரிந்தன. பல இணைகள் பிள்ளைகளுக்காகவோ, போக இடமில்லாததாலோ, மெல்ல வளர்ந்த பரிவினாலோ சேர்ந்தே வாழ்ந்தன. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் அந்த முதல் இரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல்!

சோபிலின் சியாம் சாபிரோ என்ற நடன ஆசிரியை இதனைக் கருவாகக் கொண்டு 2017-இல் ஒரு நடன நாடகம் அமைத்தார். மீண்டும் திறக்கப்பட்ட அந்த நுண்கலைப்பள்ளியின் முதல் தலைமுறை மாணவிகளுள் ஒருவர் இவர். நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், அங்காரின் கீழ்க் கமுகம்பூ. கட்டாயத் திருமணத்துக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களே அதன் அடித்தளம். தேவர்களையும் இளவரசிகளையும் ஆடிவந்த மரபு, கறுப்புச் சட்டை போட்ட சாதாரணப் பெண்ணின் அச்சத்தை ஆடியது. 2018 நவம்பரில் சிறப்பு நீதிமன்றம் கட்டாயத் திருமணத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தபோது, இந்த நடனத்தைப் பாதிக்கப்பட்டோருக்கான ஈடுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இங்கே இரண்டு கருத்தும் எனக்கு உண்டு. அந்த நீதிமன்றத்துக்குப் பணமாக இழப்பீடு வழங்கும் அதிகாரமே இல்லை. கூட்டாகவும் மனநிறைவு சார்ந்தும் மட்டுமே ஈடு வழங்கலாம். அதற்கான செலவையும் வெளியாரிடம் திரட்ட வேண்டும். 30 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் செலவழித்து மூவரை மட்டுமே தண்டித்த நீதிமன்றம், ஏழை மூதாட்டிக்கு ஒரு நடனத்தைக் கொடுத்து அனுப்பியது என்று ஒருவர் ஏளனம் செய்தால் எனக்கு மறுக்க வாயில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் மகள் அரங்கத்தில் அமர்ந்து, தன் தாயும் தந்தையும் எப்படி மணந்தார்கள் என்பதை முதன்முறையாகப் பார்த்திருப்பாள் என்பதையும் எண்ணிப்பார்க்கிறேன். காசோலையால் அதைச் செய்திருக்க முடியாது.

இவ்வளவையும் படித்த பிறகும் என் பழைய வாக்கியத்துக்கு முழு மனத்தோடு திரும்ப முடியவில்லை. காரணம், அதே கம்போடியாதான். 2003 சனவரியில், அங்கோர் வாட் தாய்லாந்துக்கே உரியது என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாகப் பரவிய வதந்தியை நம்பிப் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தைக் கொளுத்தினார்கள். இராமாயண முகமூடி நாடகம் யாருடையது என்று இரு நாட்டு மக்களும் இணையத்தில் ஏசிக்கொண்டார்கள். 2018-இல் யுனெஸ்கோ இரு நாட்டு வடிவங்களையும் தனித்தனியே பட்டியலில் சேர்த்தது. 2025 சூலையில் துவோல் சுலெங் உள்ளிட்ட மூன்று நினைவிடங்கள் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறின. அதைக் கொண்டாட நாடெங்கும் ஒரே நேரத்தில் முரசு கொட்டினார்கள். அடுத்த இரு வாரத்துக்குள் பழங்கோயில்கள் நிற்கும் எல்லையில் இரு நாட்டுப் பீரங்கிகளும் முழங்கின. சூலை 28 அன்று நம் புத்ராஜெயாவில் போர் நிறுத்தம் பேசி முடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் குண்டுகள் வெடித்தன. இரு பக்கமும் இராமனை ஆடுகிறவர்கள்தாம்.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வான் நாத்தின் கதையை, பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற அளவில், சொன்னேன். வதைகளைச் சொல்லவில்லை. ஓர் ஓவியர், ஒரு காவலர், ஒரு படம் என்ற அளவில்தான் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"அப்புறம் ரெண்டு பேரும் கூட்டாளி ஆயிட்டாங்களா, டீச்சர்?"

இல்லை என்றேன்.

"அப்புறம் ஏன் டீச்சர் அவர்கிட்ட போய்ப் படத்தைக் காட்டினாரு?"

அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டேன். முப்பத்தொரு ஏடுகள் மேசைமேல் இருக்கின்றன. பதினான்கு திருத்தியாயிற்று. மூன்று பிள்ளைகள் மட்டும் கலை மனித மனங்களை இணைக்கும் பாலம் என்று எழுதியிருக்கிறார்கள். அக்காமார் அண்ணன்மாரின் பழைய ஏட்டிலிருந்து எடுத்திருப்பார்கள் போலும். அந்த வரியின் கீழ் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.